வியாழன் மேல் ஒரு மரு

காசிமாயன் பஞ்சாலையில் ஃபிட்டர். கோச்சடையில் வயக்காட்டு ஓரமாக ஒற்றை அறையில் குடியிருந்தான். மொட்டைமாடியில் அவனே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கி நின்றது. கண்ணாடி தேய்ந்து முடிவதற்குள் பெண்டாட்டி ஒச்சாயி கீழக்குயில்குடிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். கூப்பிடப் போனவனிடம், "எம்புட்டு நேரம் என் மூஞ்சியப் பாத்திருக்க நீ? மேலயே குடும்பம் நடத்து" என்றாள். பஸ் ஏறித் திரும்பிவிட்டான்.

பெங்களூரில் வானம் பார்க்கிறவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. இரண்டு முறை படம் அனுப்பிப் பார்த்தான். 'படம் அழகாக இருக்கிறது, அளக்க ஒன்றுமில்லை' என்று பதில் வந்தது. அளக்கிற மாதிரி ஒரு படம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் மாதாமாதம் கடுதாசி வரும். என்ன பார்த்தாய் என்று கேட்க ஆள் இருக்கும். அவனுக்கு வேண்டியது அதுதான்.

எழுபத்தேழு தை மாதம், ஆலை விட்டு வந்த ஒரு சாயங்காலம், வியாழன் மேல் கரும்புள்ளி தெரிந்தது. வியாழனைச் சுற்றும் நிலா ஒன்றின் நிழல் அது, இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடும். எந்த நேரத்தில் எந்த இடத்தில் விழுந்தது என்று அளந்துவிடலாம். கேமராவைக் குழாயில் கட்டினான். கிரகம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கையால் குழாயை நகர்த்தும் மரையாணியைத் திருக வேண்டும், மறு கையால் குழாய் வாயில் பிடித்த அட்டையை விலக்கி மூட வேண்டும். மூச்சு பட்டாலும் குழாய் ஆடும். பிலிம் தீரும்வரை எடுத்தான்.

கீழவாசல் ஸ்டூடியோவில் கழுவியதில் ஒன்றே ஒன்றுதான் கலங்காமல் வந்திருந்தது.

"இது ஒண்ணுதான் தேறும் மாப்ள" என்றார் மைக்கேல்ராஜ். ஸ்டூடியோவில் டச்சிங் வேலை அவருக்கு. நெகட்டிவில் முகத்துத் தழும்பு, மரு எல்லாம் தெரியாமல் தீர்த்துவிடுவார்.

"பெருசாப் போடணும்ணே. பெங்களூருக்குப் போகுது. நல்லாப் பண்ணிக் குடுங்க."

அந்த வாரம் ஸ்டூடியோ முழுக்கக் கல்யாணப் படம். சனிக்கிழமை போனான். மைக்கேல்ராஜ் உறையை அவரே கொண்டுவந்து நீட்டினார். உள்ளே வியாழன், அதன் பட்டைகளோடு வழுவழுவென்று இருந்தது.

"புள்ளி எங்கண்ணே?"

"அந்த மருவா? எடுத்துட்டேன். கல்யாணப் பொண்ணுக்குக்கூட இம்புட்டு நேரம் ஒக்காந்ததில்ல. அதுக்குத் தனியாக் காசு வேணாம்."

"அது மரு இல்லண்ணே. நிழல்."

"நிழல்னாலும் மூஞ்சியில விழுந்தா எடுக்கத்தான செய்வோம்?"

"நெகட்டிவ்ல தொடச்சுப் பாக்கலாமா?"

"சாயம் வச்சேன். உள்ள இறங்கிருச்சு. தொடச்சா படலமே உரிஞ்சு வந்துரும்." அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தார். "என்ன மாப்ள, தப்பாப் போச்சா?"

அவன் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான்.

"இரு. படத்துலயே மை வச்சுத் தாரேன். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது." மெல்லிய பிரஷை எடுத்தார். "இங்ஙனதான. வலது ஓரத்துல இருந்து சத்த உள்ள. கீழ்ப்பட்டைக்கு மேல."

அதே இடம். மயிரிழை பிசகவில்லை. அந்தப் புள்ளியைப் பார்த்த இன்னொரு ஆள் இந்த ஊரில் இவர்தான்.

பிரஷ் நுனியில் மை திரண்டு நின்றது. வைத்தால் பெங்களூரில் எடுத்துக்கொள்வார்கள். கடுதாசி வரும்.

"வேணாம்ணே."

"ஏன்ப்பா? இருந்ததத்தான வைக்கிறேன்."

"இருந்ததுதான். இனிமே அளந்தா உங்க கையத்தான அளப்பாங்க."

மைக்கேல்ராஜ் பிரஷைத் துணியில் துடைத்தார். பெருசு போட்ட கூலியையும் வாங்க மறுத்தார். படியிறங்கப் போனவன் நின்றான்.

"இன்னைக்குச் சாயங்காலம் கோச்சடைக்கு வாங்களேன்ணே. கண்ணாலயே பாக்கலாம்."

"இன்னைக்கா? நாலு கல்யாணம் கெடக்கு. பங்குனியில வாரேன்."

பங்குனியில் வியாழன் மேற்கே சாய்ந்து கலங்கித் தெரியும்.

"வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னான்.

இருட்டியதும் புது பிலிம் போட்டு மாடிக்கு ஏறினான். வயலில் தவளைச் சத்தம். குழாயில் கண்ணை வைத்தான். வியாழன் மைக்கேல்ராஜ் போட்டுக் கொடுத்த மாதிரியே இருந்தது, மேலே ஒரு புள்ளிகூட இல்லாமல். கேமராவைக் கட்டாமல், அட்டையைக் கையிலெடுக்காமல், கிரகம் நகர நகர மரையாணியை மட்டும் திருகிக்கொண்டிருந்தான்.