கண்ணாடியைக் கழற்றும் காட்சி

அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்து யாரும் பார்த்ததில்லை. வாத்தியார் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவார். உடனே மணி அடித்துவிடும். புத்தகங்களை நெஞ்சோடு அணைத்து வருகிற பெண் தாழ்வாரத் திருப்பத்தில் எவன்மீதாவது மோதியே தீர வேண்டும். இருவரும் குனிந்து பொறுக்கும்போது தலைகள் முட்ட வேண்டும். தொலைக்காட்சித் தொடர்ப் பள்ளிக்கூடம் அல்லவா, அதற்கென்று தனிச் சட்டம் உண்டு. மாணவர்கள் புதுக் கட்டடத்துக்குப் போய்விட, காலியாகக் கிடந்த பழைய பள்ளி ஒன்றைத் தொடர்க்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

அங்கே முதல் மதிப்பெண் வாங்குகிறவள்தான் படிப்ஸ். இரட்டைச் சடை, மூக்கின் மேல் பெரிய கண்ணாடி, எல்லாருக்கும் கேலிப்பொருள். வேடத்துக்கு வயது பதினேழு. வேடம் போட்டவளுக்கு இருபத்தேழு. படப்பிடிப்பில் எல்லாரும் அவளை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நிஜத்திலும் அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் ஒன்றும் ஓடாது. ஆனால் தொடரில் அவள் போடுவது வில்லை இல்லாத வெறும் பிரேம். வில்லையில் விளக்கொளி பட்டுத் தெறிக்கிறது என்று அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஆக, கேமரா ஓடும்போது கண்ணாடி போட்டிருப்பாள், கண் தெரியாது. ‘கட்’ சொன்னதும் ஓடிப்போய்ச் சொந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால்தான் உலகம் தெளியும். கண்ணுக்குள் வைக்கும் லென்சை ஒருமுறை முயன்று பார்த்தாள். இரண்டு கண்ணும் கோவைப்பழமாகிவிட்டன. இனி அந்தப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குரலை வைத்தும் சட்டை நிறத்தை வைத்தும் ஒரு வழியாகச் சமாளித்து வந்தாள். மகாராணி உதவினாள். தொடரில் படிப்ஸைப் பிடித்துத் தள்ளுகிற திமிர் பிடித்த அழகி அவள். நிஜத்தில் தங்கமானவள். தள்ளும்போதே காதோரம், “இடது பக்கம் பெஞ்சு இருக்குடி, பாத்து விழு” என்பாள்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் காட்சி வந்தது. ஆண்டு விழா. படிப்ஸ் கண்ணாடியைக் கழற்றி, சடையை அவிழ்த்து, நீலக் கவுனில் படியிறங்கி வர வேண்டும். கூட்டம் வாயைப் பிளக்க வேண்டும். ஹீரோ கையிலிருந்து கோப்பை நழுவ வேண்டும்.

“இந்த ஒரு காட்சிக்காகத்தாம்மா ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க” என்றார் இயக்குநர். “நேரா இறங்கு. இடது பக்கத் தூண்கிட்ட ஹீரோ நிப்பான். ரெண்டு வருஷ ஆசையையும் கண்ணுல கொண்டு வந்து அவனைப் பாரு. வசனத்தைச் சொல்லு.”

அவள் ஒப்பனை அறையில் இருந்தபோது, தூணின் நிழல் ஹீரோவின் முகத்தில் விழுகிறது என்று அவனை வலப்பக்கம் மாற்றினார்கள். ஹீரோவைப் போலவே வெள்ளைச் சட்டை போட்டிருந்த பன்னு தூணருகே வந்து நின்றான். எல்லாருக்கும் சொன்னார்கள், அவளிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

பன்னு என்றால் ஹீரோவின் நண்பன். உருண்டையான உடம்பு. எந்தக் காட்சியிலும் கையில் தின்பதற்கு ஒன்று இருக்கும், பெரும்பாலும் பன். கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, அடி வாங்குவது, சிரிக்க வைப்பது, இவ்வளவுதான் அவன் வேலை.

கைப்பிடியைத் தடவிக்கொண்டே படிப்ஸ் இறங்கினாள். கீழே எல்லாம் கலங்கிய நீர் போலத் தெரிந்தது. தூணருகே ஒரு வெள்ளைச் சட்டை. அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்து, அதன் முன்னே நின்று கேட்டாள்.

“இப்பவாவது என்னைப் பாப்பியா?”

பன்னு, பன் இருந்த கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவனுக்கு அந்தக் காட்சியில் வசனமே கிடையாது. ஆனாலும் சொன்னான்.

“நான் எப்பவும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. இயக்குநர் ‘கட்’ சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தார்.

“சார், நான் இங்க நிக்கிறேன்!” என்று வலப்பக்கத்திலிருந்து ஹீரோ கையை ஆட்டினான். கூடம் கொல்லென்று சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் பன்னுதான்.

இடைவேளையில் சொந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைத் தேடிப் போனாள். காலி வகுப்பறையில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சிடுங்க. நீங்கன்னு தெரியல.”

“தெரிஞ்சிருந்தா அப்படிப் பாத்திருக்க மாட்டீங்களே” என்றான். குரலில் குத்தல் இல்லை. “எத்தனையோ தொடர்ல நண்பனா நடிச்சாச்சு. எல்லாரும் என் கையத்தான் பாப்பாங்க, என்ன திங்கிறான்னு. கேமரா முன்னால என் முகத்தைப் பாத்துப் பேசுன முதல் ஆளு நீங்கதான். அதுவும் கண்ணு தெரியாம!”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அந்தப் பதிலை யாரு எழுதிக் கொடுத்தது?”

“யாரும் எழுதல. வாயில வந்துடுச்சு.”

அவள் திரும்பி வந்தபோது இயக்குநரும் வசனம் எழுதும் அம்மாவும் மானிட்டரில் அதையே மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் இயக்குநர். “ஆனா நண்பனைப் பாத்து நாயகி உருகினா ஜனங்க நம்மளைச் சும்மா விடுவாங்களா? இன்னொரு டேக் போலாம்.”

“போலாம் சார். ஆனா நான் என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுதான் இறங்குவேன்.”

“விளையாடுறியா? கழட்டினாத்தானேம்மா அழகு!”

“யாரைப் பாக்கறேன்னு எனக்குத் தெரியணும் சார்.” அவள் எதிர்த்துப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.

“கண்ணாடி போட்டா அசிங்கம்னு யாரு சார் சொன்னது?” என்று பின்னாலிருந்து மகாராணி கேட்டாள். “தொடர்ல நான்தான் சொன்னேன். அதுவும் நீங்க எழுதிக் கொடுத்தீங்கன்னு சொன்னேன்.”

வசனக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இயக்குநர் கேமராமேனைப் பார்த்தார். விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினால் ஒளி தெறிக்காது என்று அவர் தலையாட்டினார்.

“ஒரே ஒரு டேக். சரியா வரலேன்னா கழட்டிடணும்.”

இந்த முறை படிகள் படிகளாகவே தெரிந்தன. தலை நிமிர்ந்து இறங்கினாள். ஹீரோவின் முகத்தைக் கேமரா ஓடும்போது அவள் தெளிவாகப் பார்த்தது அன்றுதான். தாடையில் ஒப்பனைக்கு அடங்காத ஒரு பரு. பாவம், அவனும் மனம் ஒன்றித்தான் நடித்தான். கோப்பையைச் சரியான நேரத்தில் நழுவவிட்டான். முதல் டேக்கில் அவள் கண்ணில் வந்தது இதில் வரவில்லை. வந்த மட்டும் போதும் என்று இயக்குநர் எழுந்துவிட்டார். ஒளிபரப்பானதும் அந்தக் காட்சிதான். கண்ணாடியோடு அவள் இறங்கி வந்ததைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

வசனக்கார அம்மாவுக்கு மட்டும் முதல் டேக் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் பன்னுவைக் கூப்பிட்டு ஒரு காட்சியைக் கொடுத்தார். விழா முடிந்த கூடத்தில் அவனும் படிப்ஸும் மட்டும். அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்னம்மா, திங்கறதுக்கு ஒண்ணுமே எழுதலியே? நான் கையை எங்க வெச்சுக்கிறது?”

“அதை நீதான் கண்டுபிடிக்கணும்” என்றார் அவர்.

மதியம் இருவரும் வகுப்பறையில் ஒத்திகை பார்த்தார்கள். பன்னு கைகளைக் கட்டினான், பிரித்தான், பெஞ்சில் ஊன்றினான், கடைசியில் தொங்கவிட்டான். வசனத்தைத் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தான்.

“தரைக்கா சொல்றீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் படிப்ஸ்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். வசனம் மறந்துபோயிற்று. அவளுக்கு அந்த வரி தெரியும். ஆனாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.