டொக்டர் ஒருதரம்தான் கேட்டார்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ரொறன்ரோவில், ரூஜ் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில், கொத்துரொட்டி வரிசையில் நிற்கும்போது துர்க்கா சொன்னது. துர்க்கா வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிப்பவர். நோயாளிகளைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது அந்த வேலையின் விதி. "பேர் மட்டும் சொல்லமாட்டன்" என்று தொடங்கினார். பேர், தெரு, மகள் வேலைசெய்யும் வங்கிக் கிளை எல்லாவற்றையும் சொன்னார். நான் பேர்களை மாற்றிவிட்டேன். [துர்க்காவின் பேரையும்.]

விஷயம் இதுதான். அஜின்கோர்ட்டில் ஒரு அங்கிள், டொக்டரின் உதவியோடு சாவதற்கு நாள் குறித்தார். குறித்த நாளில் டொக்டர் வந்து "வேணுமோ?" என்று கேட்டார். அங்கிள் மரியாதைக்கு "வேண்டாம்" என்றுவிட்டார்.

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தோம். மற்றவர்களைவிட நான்தான் கூடச் சிரித்தேன். காருக்குள் ஏறின பிறகுதான், அது மரியாதைக்குச் சொன்னதுதானா என்று யோசித்தேன்.

2

தொடக்கங்கள்:

"பனி கொட்டிக்கொண்டிருந்தது." ரொறன்ரோவில் தமிழில் எழுதும் எல்லாருக்கும் உள்ள வியாதி இது. நடந்தது யூலை மாதம். வெட்டு.

"கனடாவில் 2016ஆம் ஆண்டிலிருந்து, மருத்துவ உதவியோடு இறப்பது சட்டப்படி…" குடியுரிமைச் சோதனைக்குப் பாடமாக்குகிற மாதிரி இருக்கிறது. வெட்டு.

"கஸ்பர் சாக விரும்பினார், ஏனென்றால்" ஏனென்றால் என்ன? எலும்பெல்லாம் புற்றுநோய். கட்டிலில் திரும்பிப் படுத்தால் அலறுவார். இனிச் சுகம் வராது என்று சொல்லியாயிற்று. அந்த வசனத்தை முடிக்காமலே விடுகிறேன்.

ஆட்களை அறிமுகப்படுத்துவோம். கஸ்பர், யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மனைவி பேர்ணடெற் அன்ரி. மகள் ஷரோன், இங்கே பிறந்தவள். மூவரும் கத்தோலிக்கர்.*

*பங்குச் சுவாமியாரை, அதாவது பாதிரியாரைப் பற்றி ஒரு குறிப்பு. இந்த முடிவோடு இருக்கிறவருக்கு நோயில்பூசுதல் என்ற கடைசித் தைலச் சடங்கைக் கொடுக்கமுடியாது, டொக்டரை வேண்டாம் என்றால் அடுத்த நிமிஷம் வருவேன் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். "ரெண்டு பேரையும் ஒண்டாக் கூப்பிடேலாதாம்" என்று கஸ்பர் கவலைப்பட்டார். விருந்தாளிகள் விஷயத்தில் அவர் மிகக் கவனம்.

3

கஸ்பரை வேறு நாட்டில் வைத்து எழுதினால் தப்பிக்கலாமா என்று பார்த்தேன்.

சுவிற்சர்லாந்தில் மருந்தை அவரவரே எடுத்துக் குடிக்கவேண்டும். இன்னொருவர் ஊசி போட்டால் குற்றம். கஸ்பர் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு, "வந்த ஆக்களுக்கு ஏதும் குடுத்தியளோ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அமெரிக்காவில் ஒறிகன் போன்ற சில மாநிலங்களிலும் இதே கதைதான். நெதர்லாந்து, பெல்ஜியம் இரண்டிலும் டொக்டரே ஊசி போடலாம். ஆனால் அங்கே கஸ்பருக்குச் சொந்தக்காரர் இல்லை, கதைக்கு ஆள் காணாது. இந்தியாவில் செயற்கை மூச்சு இயந்திரத்தைக் கழற்றலாம், ஊசி கூடாது. லண்டனில் இருக்கும் கஸ்பரின் தங்கச்சி சொன்னாராம்: "இஞ்ச உதைப் பற்றி வருசக்கணக்காக் கதைக்கிறாங்கள், அண்ணை. கதைச்சு முடியமுன்னம் எல்லாருக்கும் தானாவே வந்திடும்."

இலங்கையில் உதவி செய்தவரைப் பொலிஸ் பிடிக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில், "இனி வீட்டை கொண்டுபோங்கோ" என்பார்கள். எல்லாருக்கும் விளங்கும். கஸ்பரைக் கேட்கவே மாட்டார்கள்.

கனடாவில்தான் கேட்கிறார்கள். எழுத்தில் கேட்டு, இரண்டு பேர் தனித்தனியாக வந்து ஆராய்ந்து, எல்லாம் சரி என்ற பிறகும், ஊசிக்குச் சற்று முன்னால் இன்னொருதரம் கேட்கவேண்டும். நல்ல சட்டம். யாரையும் தள்ளி விழுத்தக்கூடாது என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தவரை மனதில் வைத்து எழுதவில்லை, அதுதான் பிழை.

4

டொக்டர் இளம்பெண். சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், அதிலேயே கஸ்பருக்குப் பிடித்துப்போயிற்று. கூட வந்த நேர்ஸ் கஸ்பரின் கையில் ஊசிக்குழாயைப் பொருத்திவிட்டார். கட்டிலின் ஒரு பக்கம் அன்ரி, மறுபக்கம் ஷரோன். கதவடியில் துர்க்கா.

டொக்டர் குனிந்து, மெதுவாக, ஆங்கிலத்தில் கேட்டார். "இன்றைக்கு இது உங்களுக்கு வேண்டுமா?"

"நோ, நோ, டொக்டர்." கஸ்பர் சிரித்தார். "இட்ஸ் ஓகே. ஏன் உங்களுக்கு வீண் கரைச்சல்?"

டொக்டர் நிமிர்ந்தார். அப்படியானால் நிறுத்துகிறோம், இதில் ஒரு பிழையுமில்லை, மனம் மாறினால் எப்போதும் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டு, சாமான்களை எடுத்துவைக்க ஹோலுக்குப் போனார்.

அன்ரி ஷரோனைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"திருப்பிக் கேக்கச் சொல்லு பிள்ளை. கொப்பர் எப்ப முதல்தரம் ஓம் எண்டவர்?"

"அம்மா, ஹீ செட் நோ. நோ எண்டா நோ."

"ஆஸ்பத்திரியில நோவுக்கு ஊசி போடட்டோ எண்டு கேக்க, வேண்டாம் எண்டுபோட்டு விடியும்வரைக்கும் முனகினவர். நான் போய் நேர்ஸிட்டத் திருப்பிக் கேக்கச் சொன்னாப்பிறகுதானே போட்டது."

"திஸ் இஸ் நொட் த ஸேம் ஊசி!" ஷரோன் அழுதாள். "நான் சொல்லமாட்டன். யூ டெல் ஹேர்."

[பழக்கம் தெரியாதவர்களுக்கு: எங்கள் வீடுகளில் தேத்தண்ணி கேட்டால் முதல்தரம் "வேண்டாம், இப்பதான் குடிச்சனாங்கள்." இரண்டாம்தரம் "உங்களுக்கேன் கரைச்சல்." மூன்றாம்தரம் "சரி, அரைக்கப் போடுங்கோ." கேட்டவுடன் ஓம் என்றால் காய்ந்த மாடு கம்பில் விழுந்தது போல என்பார்கள். நாள் குறிக்கும்படி கஸ்பர் தானாகவே வாய்விட்டுக் கேட்டவர்தான். கொடுக்க வந்தவரிடம் வாங்குவது வேறு.]

[இங்கே நான் அன்ரி வீட்டுக்குப் போவதாகவும், தேத்தண்ணி கேட்க நான் வேண்டாம் என்பதாகவும் ஒரு காட்சி எழுதினேன். மிக அழகாக வந்தது. அதனால் அழித்துவிட்டேன்.]

5

இந்த இடத்தில் கொத்துரொட்டி வந்துவிட்டது. துர்க்கா தட்டை நீட்டப் போய்விட்டார். பிறகு கேட்டிருக்கலாம். அவரது போன் இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கமுதல் வெட்டிவிட்டேன். பயம்தான். ஆகவே முடிவுகளை நானே செய்கிறேன்.

ஒன்று. அன்ரி வாய் திறக்கவில்லை. டொக்டர் போகிறார். பின்னேரம் வலி ஏறும்போது கஸ்பர் கேட்கிறார்: "ஏனப்பா, அந்தப் பிள்ளை இன்னொருக்காக் கேக்கேல்லை?"

இரண்டு. அன்ரி ஹோலுக்குப் போய், "டொக்டர், வன் மோர் டைம் ஆஸ்க்" என்கிறார். வீட்டார் வற்புறுத்துகிறார்களோ என்று பார்ப்பது டொக்டரின் கடமை. எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியே கேட்கிறார். கஸ்பர் ஓம் என்கிறார். அதற்குப்பிறகு ஷரோன் அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை.

மூன்று. அன்ரி அதையே சொல்கிறார். டொக்டர் அதேபோல் கேட்கிறார். கஸ்பர் இந்தமுறை சிரிக்காமல் "வேண்டாம்" என்கிறார். வலியிருந்தாலும் இன்னும் கொஞ்சநாள் இருக்க ஆசையாம். சுவாமியாரும் வருவாராம். தான் வேண்டாம் என்ற பிறகும் திருப்பிக் கேட்கச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும். மிச்ச நாளெல்லாம் அவர்கள் இரண்டுபேரும் அந்த வீட்டில் இருக்கவேண்டும்.

மூன்றாவதை எழுதிவிட்டு நான் அழுதேன். பகிடியாகத் தொடங்கிய கதைக்கு இது தேவையா என்று என்மேலேயே கோபமும் வந்தது. அன்ரிக்குக் கஸ்பரை என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்கே நிச்சயமில்லாததை நான் எங்கே போய்த் தேடுவது?

ஆகவே நீங்கள் வாருங்கள். ஹோலுக்கும் அறைக்கும் நடுவில், அன்ரியின் இடத்தில் நில்லுங்கள். இடதுபக்கம் டொக்டர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார். வலதுபக்கம் கட்டிலில் நாற்பது வருடமாக உங்களோடு வாழ்ந்த மனிதர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் அதே விருந்தாளிச் சிரிப்பு. "வன் மோர் டைம் ஆஸ்க்": உங்களுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும்.

முடிவு சொல்ல விருப்பமில்லை என்று இந்தப் பக்கத்தை மூடிவிடலாம் என நினைக்காதீர்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் டொக்டர் போய்விடுவார். அதுதான் ஒன்றாவது முடிவு.