மேலே எரிந்தால் நிற்க வேண்டும்

எலக்ட்ரிக் கடைக்காரம்மா வெங்கடலட்சுமி மூன்றாவது பல்பையும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, கல்லாவுக்குப் பின்னால் இருந்த பலகையில் மாட்டியபோது கிருபாவதிக்குக் கூச்சமாகிவிட்டது. சாயங்கால வியாபார நேரம். ஒயருக்கும் ஸ்விட்சுக்கும் வந்தவர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பல்பு வாங்க வந்துவிட்டு, புருஷன், மகள், தான் என மூன்று பேரும் கடையை அடைத்துக்கொண்டு நிற்கிறோமே என்று பட்டது.

கிறிஸ்மஸ் குடிலுக்கான பல்பு. சர்ச்சின் அன்பியத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து குடில் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். போன வருஷம் பக்கத்துத் தெருக்காரர்கள் குடிலுக்கு மேலே கலர் மாறுகிற பல்பு போட்டுப் பரிசைத் தட்டிக்கொண்டு போனதிலிருந்து மகள் ஜெனிஷாவுக்கு அதே நினைப்பு. ஒன்பதாவது படிக்கிறவள், தானாகவே போனில் தேடி, எது விலை குறைவு, எது எத்தனை கலர் காட்டும் என்றெல்லாம் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் அவள் கேட்ட பல்பைக் கையில் எடுத்ததுமே வெங்கடலட்சுமி, "ஊட்ல வைஃபை இருக்குதா கண்ணு?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அதைத் திரும்பவும் அலமாரியில் வைத்துவிட்டாள்.

"வைஃபை இல்லாட்டி இது வெறும் பல்புதான். ப்ளூடூத்துல வாங்கிக்க. பக்கத்துல நின்னு போன்லயே மாத்திக்கலாம், வெலையும் பாதிதான்."

அந்த வகையில் இரண்டு இருந்தன. ஒன்று பேர் தெரியாத கம்பெனி, இன்னொன்று கொஞ்சம் விலை கூட, இரண்டு வருஷம் வாரண்டி. முதலாவதைப் போட்டுக் காட்டினாள். புருஷன் அமிர்தநாதன் உதட்டைப் பிதுக்கினான். இரண்டாவதைக் காட்டினாள், அதற்கும் அதே. மூன்றாவதாக, அவர்கள் கேட்காத விலையுயர்ந்த பல்பு ஒன்றை, வீம்புக்காகவே எடுத்து மாட்டினாள். ஜெனிஷா, "இது செவப்பு" என்று சொல்லி, போனில் விரலை வைத்து வட்டமாக இழுத்தாள். பின்சுவரும் வெங்கடலட்சுமியின் கன்னமும் குங்குமம் கொட்டினாற்போலச் சிவந்தன.

"இதும் அதே மாதிரிதானுங்க," என்றான் அமிர்தநாதன். "செவப்புங்கறீங்க, சாணித் தண்ணியாட்ட இருக்குது."

ஜெனிஷா விரலை இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சுவர் இளம்பச்சைக்கு மாறியது.

"மாத்திக் காட்டு கண்ணு. அதையே வெச்சுட்டு நிக்கறியே."

"மாத்தியாச்சுப்பா. இது பச்சை."

"அதத்தான் சொல்றேன். மாத்துனாலும் மாத்தாட்டியும் ஒண்ணாத்தான் தெரியுது. எல்லாம் டூப்ளிகேட் சரக்கு."

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். அப்பா விலையைக் குறைக்க நாடகம் போடுகிறார் என்று நினைத்து ஜெனிஷாவும் சிரித்தாள். வெங்கடலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏனுங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் போங்க. இத்தன பேரு முன்னால பல்பக் குத்தம் சொல்லாதீங்க," என்றாள்.

கிருபாவதி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பேரம் பேசுகிறவனின் முகமாக அது இல்லை. கண்ணை இடுக்கி, கழுத்தை நீட்டி, கிணற்றுக்குள் விழுந்த பொருளைத் தேடுகிறவனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். மின்விசிறிக்குக் கீழே நின்றும் நெற்றி வேர்த்திருந்தது.

ஆனியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் அவனுக்குக் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தபோது நர்ஸம்மா இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். ஒண்ணுக்கு செவப்பாப் போகும், பயந்துக்காதீங்க என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். அழாமல் இருக்க அன்றைக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. அதற்கு அடுத்து நர்ஸம்மா இன்னொன்றும் சொன்னாள். கண் மங்கினாலோ, கலர் மாறித் தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் வந்துவிட வேண்டும். அந்த வார்த்தை எங்கே போனது? இத்தனை மாதம் எந்த மூலையில் கிடந்தது?

அவன் பல்லடம் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். அவளுக்குப் பீளமேட்டில் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல். சீக்கு இன்னதென்று தெரிந்தால் இரண்டு பிழைப்பும் போய்விடும் என்று முதலில் சொன்னது அவள்தான். மஞ்சக்காமாலை என்று பஸ் முதலாளியிடம் சொல்லச் சொன்னதும் அவள்தான். இனிமேல் யாருக்கும் தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்வரை அவனை வீட்டிலேயே இருத்தினாள். ஜெனிஷாவுக்கும் பரிசோதனை செய்து ஒன்றுமில்லை என்றானது. அவளிடம் அது ஏதோ பள்ளிக்கூடத்துச் சோதனை என்பதுபோலச் சொல்லி முடித்தார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டதாகவே கிருபாவதி நினைத்திருந்தாள்.

"அந்த வாரண்டி இருக்கறதையே குடுங்கக்கா," என்றாள் வெங்கடலட்சுமியிடம். குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

ஜெனிஷா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். திருச்சி ரோடு சிக்னலில் வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. கிருபாவதி அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்க என்ன கலருங்க எரியுது?"

அவன் சிக்னலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மேல எரிஞ்சா நிக்கோணும். கீழ எரிஞ்சா போகோணும். இதுல கலர் எதுக்கு?"

"எத்தன நாளாச்சுங்க?"

"தெரியல. தீவாளிக்குப் பொறவுதான். கண்ணாடி அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன்."

"முன்னால போறவன் பிரேக் புடிச்சா?"

சிக்னல் மாறி வண்டிகள் கிளம்பி, அந்த இரைச்சல் அடங்கிய பிறகுதான் சொன்னான். போன வாரம் காரணம்பேட்டைக்கிட்ட முன்னால் போன லாரி நின்றுவிட்டது. பின்விளக்கு எரிந்ததாகவே அவனுக்குத் தெரியவில்லை. லாரியின் பின்கதவு எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே வந்த பிறகுதான் நிற்கிறது என்று புரிந்தது. மிதித்த மிதியில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒரு பெரியவருக்கு உதடு கிழிந்தது. "லாரிக்காரன் திடீர்னு நிறுத்திப்போட்டான்னு சொன்னேன். எல்லாரும் அவனத்தான் வைதாங்க," என்றான். சொல்லிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கே ஆஸ்பத்திரி போகோணுமுங்க."

"நோம்பி நேரத்துல லீவு கேட்டா ஏன்னு கேப்பாங்க கிருபா. கிறிஸ்மஸ் போகட்டும். மாத்திரையும் முடியற மாசந்தானே. அதுக்கப்புறம் தானாத் தெளிஞ்சுக்கும்."

இன்னும் கொஞ்ச நாள்தானே என்று அவள் மனசும் அந்தப் பக்கமே சாய்ந்தது. வருஷக்கணக்காக ஓட்டின ரோடு, கையே வழி சொல்லாதா?

வீட்டில் ஜெனிஷா ஸ்டூல் போட்டு ஏறிப் பல்பை மாட்டினாள். வைக்கோல் கூரையும், மண் ஆடுகளும், கை உடைந்த ஒரு இடையனும் நீலத்தில் மூழ்கி, ஊதாவில் எழுந்து, பொன்னிறமாயின. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு கலருக்கும் ஒரு கூச்சல்.

"உங்களுக்கு எதுப்பா புடிச்சிருக்கு?"

அமிர்தநாதன் பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் கத்தும்போது அவனும் தலையாட்டினான். "நீ எத வெச்சாலும் நல்லாத்தான் இருக்குது கண்ணு," என்றான்.

கிருபாவதி அடுக்களைக்குப் போய், அடுப்பில் எதுவும் இல்லாமலே கொஞ்ச நேரம் நின்றாள்.

காலையில் அவன் காக்கிச் சட்டை போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தபோது, ஜெனிஷா தலை பின்னிக்கொண்டே வந்தாள். பரீட்சை முடிந்துவிட்டது, பல்லடத்தில் அத்தை வீட்டில் பழைய குடில் சொரூபங்கள் இருக்கின்றன, போய் எடுத்து வர வேண்டும். "நானும் உங்க பஸ்ஸுலயே வாரேன்ப்பா. முன் சீட்டுல உக்காந்துக்கறேன்."

"வேண்டாம்!"

கிருபாவதி வாயைத் திறக்குமுன்பே அவன் சொல்லிவிட்டான். கத்தினாற்போல வந்துவிட்டது. ஜெனிஷா பாதிப் பின்னலோடு நின்றாள்.

"ஏன்ப்பா?"

"இன்னைக்கு வேண்டாம் கண்ணு. கூட்டமா இருக்கும்."

அதற்குமேல் பொத்தான் போட அவன் கை நகரவில்லை. கிருபாவதி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெனிஷாவைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, மேசைமேல் இருந்த அவன் போனை எடுத்து முதலாளியின் எண்ணை அழுத்தினாள். அவன் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஆனால் பிடியில் பலமில்லை.

"கிருபா, உன்ற வேலையும் போயிரும்."

"தெரியுமுங்க."

முதலாளி எடுத்தார். அவள் நின்றுகொண்டே பேசினாள். "நான் அமிர்தநாதன் ஊட்டுக்காரிங்க. அவரு இனி வண்டி எடுக்க மாட்டாருங்க. கண்ணு செரியாத் தெரியறதில்லைங்க. செவப்பு பச்ச தெரியறதில்லைங்க."

"என்னம்மா சொல்றே? நேத்து வரைக்கும் ஓட்டுனானே."

"ஓட்டுனாருங்க. தப்புதானுங்க. டிபி மாத்திரை சாப்புடறாருங்க. அதுனால வந்திருக்கும்னு தோணுதுங்க. மஞ்சக்காமாலைன்னு நாங்க பொய் சொல்லிப்போட்டோமுங்க."

அந்தப் பக்கம் எங்கோ ஹார்ன் சத்தம் கேட்டது.

"இத்தன ஜனம் ஏர்ற வண்டிம்மா அது," என்றார் கடைசியில். திட்டுகிற குரலாக இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. "மாத்து டிரைவரப் போட்டுக்கறேன். மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

அழைப்பு முடிந்தது. அமிர்தநாதன் காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து, கட்டில்மேல் வைத்து, அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் மாத்திரைச் சீட்டைப் பார்த்ததுமே கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டாயிற்றா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை என்றதும், டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை இன்றையதை விழுங்க வேண்டாம், மற்றபடி நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம் என்றார்கள். முன்னைப்போலத் தெரியுமா என்று கிருபாவதி கேட்டதற்கு, "பல பேருக்குத் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு பாத்தாத்தான் சொல்ல முடியும்," என்றாள் டாக்டர். சின்ன வயசுப் பெண்.

அவள் ஒரு புத்தகத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் பொட்டுகள். அவற்றுக்கு நடுவே ஒரு எண். கிருபாவதிக்கு அது பளிச்சென்று தெரிந்தது. அமிர்தநாதன் பார்த்தான், புத்தகத்தைச் சாய்த்தும் பார்த்தான், எண் எதுவும் பிடிபடவில்லை. அடுத்த பக்கத்திலும் அப்படித்தான். வெளியே பெஞ்சில் கண்ணில் கட்டுப்போட்ட குழந்தை ஒன்று விடாமல் அழுதுகொண்டிருந்தது. கிருபாவதியின் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். விடுதி வார்டன். அவள் போனைத் திரும்பவும் பைக்குள் போட்டுவிட்டாள். அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

டாக்டர் கடைசிப் பக்கங்களில் ஒன்றைத் திருப்பினாள். அதில் எண் இல்லை. சாம்பல் பொட்டுகளுக்கு ஊடே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாதை, ஒரு ஓரத்தில் தொடங்கி மேலேறி, வளைந்து, இறங்கி, மறு ஓரத்துக்குப் போயிற்று.

"நம்பர் வேண்டாங்கய்யா. இந்தப் பாதைய மட்டும் வெரலால தொட்டுட்டே போங்க."

அமிர்தநாதன் வலதுகை ஆள்காட்டி விரலைப் பாதை தொடங்கும் இடத்தில் வைத்தான். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல். கொஞ்ச தூரம் சரியாகத்தான் போனது. வளைவு வந்தது. கிருபாவதி தன்னையறியாமல் உடம்பை ஒரு பக்கம் சாய்த்தாள். விரல் வளையவில்லை. நேராக, தயங்காமல், பாதையைவிட்டு இறங்கிப் பொட்டுகளுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது.