முறைக்கம்பு

விடிந்ததும் கதவைத் திறந்தாள் பேச்சி. வாசலில் சாத்தியிருந்த கம்பு அவள் காலடியில் விழுந்தது. இன்று அவள் வீட்டு முறை. முந்தின நாள் பாளையம்பட்டியில் யார் வீட்டிலோ இரட்டைவடச் சங்கிலி களவுபோயிருந்தது.

பரளச்சிப் பாதையில் முப்பத்தோரு வீடு கொண்ட தெரு அது. அங்கே பிறந்தவனெல்லாம் திருடன் என்று வெள்ளைக்காரன் சட்டமே எழுதி வைத்திருந்தான். தொட்டில் பிள்ளை எதைத் திருடியதோ, அவனுக்குத்தான் வெளிச்சம். அந்தச் சட்டம் செத்து இருபது வருஷமாகியும் போலீசு மட்டும் வருஷா வருஷம் அதற்குத் திவசம் கொடுத்துக்கொண்டிருந்தது. சுற்றுவட்டத்தில் கோழி காணாமல் போனாலும் ஜீப் நேரே இங்கேதான் வரும். கையில் அகப்பட்ட ஆண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் அடித்துத் துவைத்து மூன்றாம் நாள் விடுவார்கள். அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியாது.

அதற்குத் தெருப் பெரியவர் பூமிநாதன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீப் வருமுன் ஒருத்தனை நாமே அனுப்பிவிடுவது. ஊருணிக் காவலுக்கு வீடு வீடாகச் சுற்றிய கம்பையே இதற்கும் வைத்தார்கள். களவுச் சேதி வந்ததும் முந்தின முறைக்காரர் கம்பை அடுத்த வாசலில் சாத்துவார். அந்த வீட்டு ஆண் நடந்து போய் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். அடி தாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா? வீட்டுக்கு ஒரு முட்டையாக முறைக்காரன் வாசலுக்கு வந்து சேரும். நியாயமான ஏற்பாடு என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். பேச்சியும்தான் மெச்சினாள், இதுவரை.

அவள் புருஷன் தவசி கிணறு வெட்டுகிறவன். மூன்று வருஷத்துக்கு முந்திய முறையில் இடது காது கேட்காமல் போனது. மிச்சம் ஒரு காது. பாறையில் வைத்த வெடிக்குக் கூட வேலை செய்கிறவன் திரி கொளுத்தினால், "ஏறி வா"என்று மேலேயிருந்து கத்துவார்கள். அது கேட்டால்தான் உயிர்.

தவசி வேட்டியை இறுக்கிக் கட்டினான். கூடையில் முட்டைகள் சேர்ந்திருந்தன.

"அவிச்சு வையி பேச்சி. தின்னுட்டுப் போறேன்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். முதல் வீடு முத்துத்தாய் வீடு.

"இந்தா ஒன் முட்டை. அவரு போகல. போறதா இருந்தா நாம எல்லாருமா போவோம். கெளம்பு."

"கிறுக்குப் பிடிச்சிருச்சாடி?"

"இம்புட்டு நாளா பிடிச்சிருந்துச்சு. இன்னைக்குத்தான் தெளிஞ்சிருக்கு."

ஒவ்வொரு வாசலிலும் முட்டையைத் திருப்பி வைத்தாள். பூமிநாதன் வழி மறித்தார். "ஒருத்தன் போனா முப்பது வீடு கஞ்சி குடிக்கும். கெடுத்துராத தாயி."

"அந்தக் கஞ்சி எனக்கு எறங்கல மாமா. ஒங்களுக்கு எறங்குதா?"

பெரியவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். போன மாசம் அவர் மகன் முறை. இன்னும் குப்புறத்தான் படுக்கிறான். உள்ளே போன பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் இறங்கியதும் தெருவே இறங்கியது.

மூன்று மைல். கரிசல் வெயிலில் கைப்பிள்ளைகளோடு நடந்தார்கள். பேச்சி கம்பைப் பிடித்து முன்னால் போனாள். பயம் இல்லாமல் இல்லை.  பயந்தவள் நடக்கக் கூடாதா என்ன?

ஸ்டேஷன் வாசலில் கூட்டத்தைக் கண்டதும் ஏட்டய்யா ஓடிவந்தார்.

"என்னத்துக்கு இம்புட்டுப் பேரு? இன்னைக்குத் தவசி முறைதான? அவன விட்டுட்டு மத்தவுக போங்க."

பேச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவருக்கும் தெரியுமா? இவரும் வீடு வீடாக எண்ணிக்கொண்டுதான் இருந்தாரா?

"ஏட்டய்யா, முறை வச்சு வாரவந்தான் களவாண்டவனா?"

ஏட்டய்யா தொப்பியைச் சரிசெய்தார்.

"இல்லைன்னு ஒங்களுக்கே தெரியும். தெரிஞ்சேதான அடிச்சீக?"

சத்தம் கேட்டு எஸ்.ஐ. வெளியே வந்தார். "எல்லாரையும் உள்ள போட்ருவேன்."

"போடுங்கய்யா. ஒவ்வொருத்தர் பேரையும், என்ன குத்தம்னும் எழுதிட்டுப் போடுங்க. இதுவரைக்கும் ஒருத்தர் பேரையும் நீங்க எழுதுனதில்ல."

 தெருவே மண்ணில் உட்கார்ந்தது. ஏட்டய்யா நோட்டை விரித்து, பேனாவைத் திறந்து, எஸ்.ஐ. முகத்தைப் பார்த்தார். எஸ்.ஐ. வேப்பமரத்தைப் பார்த்தார். எழுதினால் காரணம் எழுத வேண்டும். வெயில் சாய்கிற வரைக்கும் அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

"போங்க எல்லாரும்"என்றார் எஸ்.ஐ. கடைசியில்.

பேச்சி எழுந்து படியேறிப் போய், கம்பை அந்த நோட்டின் மேல் வைத்தாள்.

"எங்கள்ல ஒருத்தர் எடுத்ததுக்குச் சாட்சி இருந்தா, பேரச் சொல்லுங்க. நாங்களே கூட்டியாறோம். முறைக்கு மட்டும் இனி ஆள் வராது."

திரும்பும்போது வழக்கம்போலத் தவசியின் வலப்பக்கமாக நடந்தாள். பாதித் தூரம் வந்ததும் அவன் நின்றான்.

"கம்ப அங்கயே விட்டுட்டயே. அடுத்த வீட்டுக்கு என்னத்தக் குடுப்ப?"

"நம்ம தெருவுல அடுத்த வீடு இல்ல"என்றாள் பேச்சி.

அவள் கத்திச் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்டது.