மூன்றாவது கம்பி

“அது கரண்டுதான். நான் தொட்டுப் பாத்துட்டுத்தான் செல்றன்.”

“ஈரச் சீலையால தொடச்சா சுறுசுறுக்காம என்ன செய்யும் புள்ள? நீ பயந்து, என்னையும் பயமுறுத்தாத.”

“உம்மா நாளைக்கு ஈரக் காலோடதான் நிப்பா. அத யோசிச்சீங்களா?”

மதிலுக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. அதுவரைக்கும் சண்டை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கை ஒரு குறுகிய தெரு. அதன் செய்திகளை நான் யாரிடமும் விசாரிப்பதில்லை. உடுப்பைக் கொஞ்சம் மெதுவாகக் காயப்போட்டால் போதும், தானாக வரும்.

கத்திக்கொண்டிருந்தவள் றுஸ்தா. பதில் சொன்னவன் அவளுடைய மாப்பிள்ளை றிஸ்கான். கட்டாரிலிருந்து திரும்பி வந்து, றுஸ்தாவுக்குச் சீதனமாக எழுதிய அந்த வீட்டில் வேலை தேடிக்கொண்டிருப்பவன். தேடுவதை நான் பார்த்ததில்லை. றுஸ்தாவின் உம்மா ஸைனம்பு ராத்தா அதே வீட்டில் இருந்துகொண்டு, வெள்ளிதோறும் அசறுத் தொழுகைக்குப் பிறகு மண்டபத்தில் பெண்களுக்கு மார்க்கப் பயான் செய்கிறவர். வயது போகப் போகக் குரல் முன்வரிசையைத் தாண்டுவதில்லை. மாமியிடம் நல்ல பெயர் எடுக்க இதுதான் வழியென்று றிஸ்கான் நற்பிட்டிமுனையில் யாரோ கைவிட்ட ஒரு அம்ப்ளிபயரை வாங்கி வந்தான்.

கலியாணம் முடித்து இரண்டு வருடத்தில் அந்த மாமியும் மருமகனும் நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்ததில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அது. “மருமகனுக்குச் சோறு காணுமா எண்டு கேளு” என்பார் அவர். “காணும் எண்டு செல்லு” என்பான் இவன். இருவருக்கும் நடுவில் நிற்கும் றுஸ்தாதான் அந்த வீட்டின் மைக்.

வந்த அன்றே பெட்டி முனகத் தொடங்கியது. வயிற்றுவலிக்காரர் விடியுமட்டும் அனுங்குவதுபோல ஒரே சீராக ஒரு ‘ம்ம்ம்’. றிஸ்கான் மைக் வயரை மாற்றினான். மைக்கையே கழற்றினான். அப்போதும் முனகியது. மின்விசிறியை நிறுத்தினான், ஃப்ரிட்ஜை நிறுத்தினான். மீன் நாறியதுதான் மிச்சம். பெட்டியைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு வீட்டிலுள்ள எல்லா பிளக்கிலும் குத்திப் பார்த்தான். கடைசியில் போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, பிளக்கைத் திறந்து மூன்றாவது கம்பியை வெட்டிவிட்டான். ஏர்த் கம்பி. பெட்டிக்குள் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுவது அது ஒன்றுதான். முனகல் அப்படியே நின்றது. சீட்டியடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தான்.

வியாழக்கிழமை, நானும் பார்த்துக்கொண்டிருக்க, ஸைனம்பு ராத்தா இறப்பர் செருப்போடு நின்று, மைக்கை வாயருகே பிடித்து ஒரு ஸலவாத்து ஓதிப் பார்த்தார். முடித்ததும் உதட்டைத் தடவினார்.

“பூச்சி ஊர்ற மாதிரி இரிக்கி. ஓதினதுட பறக்கத்து.”

அந்த அருளில் எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் எத்தனையோ வருடமாக ஓதுகிறேன், ஒரு எறும்பும் ஊர்ந்ததில்லை. றுஸ்தாவின் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. அதே பூச்சி அன்று காலையில் பெட்டியைத் துடைத்தபோது அவள் விரலிலும் ஊர்ந்திருந்தது.

“உம்மா, அது பறக்கத்தில்ல. வேணாம்மா.”

“மருமகன் ஆசப்பட்டு வாங்கித் தந்தத குறை செல்லாத. அவருக்குக் கேட்டுரும்.”

அதற்குப் பிறகுதான் மதிலைத் தாண்டி வந்த அந்தச் சண்டை.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். குழாயடியில் ஒழு எடுத்து, கை கால் கழுவிக்கொண்டு பெண்கள் ஈரக் காலோடு உள்ளே வர, சீமெந்துத் தரை பளபளவென்று நனைந்து கிடந்தது. அம்ப்ளிபயர் ஜன்னல் கட்டில், இரும்புக் கம்பிகளில் சாய்ந்தபடி சத்தமில்லாமல் இருந்தது. அதன் சிவப்பு லைட் மட்டும் எரிந்தது. வழக்கம்போல ஜன்னலோரம் என் இடம். பயானும் கேட்கும், ஒழுங்கையும் தெரியும். றுஸ்தா உம்மாவின் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். ராத்தா அதைக் காலாலேயே தள்ளிவிட்டார்.

“பயானுக்குச் செருப்போடயா நிக்கச் செல்றாய்?”

றுஸ்தா பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய கண் மைக்கை விட்டு நகரவில்லை.

அந்த நேரம் றிஸ்கான் முற்றத்தில் கால் கழுவிவிட்டு விறாந்தைக்கு ஏறினான். முனகல் திரும்பி வந்துவிட்டதா என்று கேட்கத்தான் வந்திருப்பான். காதைக் கொடுத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

பிடித்த கை உதறி எறியப்பட்டது. அவன் தூணில் போய் மோதினான். என்னைக் கண்டு வெட்கப்பட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. சாம்பல் பூசியதுபோல இருந்தது.

“றுஸ்தா.”

றுஸ்தாவுக்குக் கேட்டது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பெண்கள் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

“சாச்சி, றுஸ்தாவ கெதியா வரச் செல்லுங்க.”

“சண்டைய மறுகா பாத்துக்கங்க தம்பி,” என்றேன். “பயான் தொடங்கப்போகுது.”

“சண்டையில்ல சாச்சி. கம்பியில கரண்டு. பெட்டி முழுக்க கரண்டு.”

அப்போதுதான் என் முழங்கை எங்கே இருக்கிறதென்று பார்த்தேன். கம்பிக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் போகாது. என் காலும் ஈரம். பின்னால் நகரவேண்டுமென்று தெரிகிறது, உடம்பு கேட்கவில்லை. கத்தவேண்டுமென்று தெரிகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒழுங்கை முழுவதும் கேட்கிற வாய் என்று என்னைச் சொல்வார்கள். அன்று அதிலிருந்து காற்றுக்கூட வரவில்லை.

ஸைனம்பு ராத்தா எழுந்து நின்றார். முக்காட்டைச் சரிசெய்தார். வெறுங்கால் இரண்டும் தண்ணீரில். மைக்குக்குக் கையை நீட்டினார்.

மெயின் சுவிட்ச் அவருடைய அறைக்குள். கரண்டு கசிந்தால் தானாக நிறுத்துகிற டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று எப்போதோ அதை வேலைசெய்யாமல் கட்டிவிட்டார்கள். பின்வரிசையில் றுஸ்தா எழும்பிவிட்டாள். அவளுக்கும் உம்மாவுக்கும் நடுவில் அத்தனை பெண்கள்.

வாசலில் றிஸ்கான் நின்றான். ஆண்பிள்ளை கால்வைக்காத நேரம் அது. ஒரு நொடிதான் நின்றிருப்பான். எனக்கு அந்த நொடி முடியவே இல்லை.

“மாமி, தொடாதீங்க.”

உள்ளே வந்துவிட்டான். முக்காட்டை இழுத்துக்கொண்டு பெண்கள் இரண்டு பக்கமும் சரிந்தார்கள். ஸைனம்பு ராத்தாவின் கை மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கரண்டுக்குப் பயந்து நின்ற கையல்ல அது. இரண்டு வருடத்தில் முதன்முதலாக மருமகனின் குரல் தன்னை நோக்கி வந்த திகைப்பில் நின்ற கை. றிஸ்கான் வயரைப் பிடித்து இழுத்து பிளக்கைப் பிடுங்கினான். சிவப்பு லைட் அணைந்தது. அங்கேயே குந்திவிட்டான்.

றுஸ்தா ஓடிவந்து உம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். ராத்தா மகளைப் பார்க்கவில்லை.

“மருமகன்,” என்றார், நேராக அவனைப் பார்த்து. “அந்தக் கம்பியத் திரும்பக் கட்டுங்க. முனகினா முனகட்டும்.”

“பெட்டியே வேணாம் மாமி. பழுது உள்ளுக்க.”

“அப்ப குடுத்துத் திருத்துங்க. வாங்கினது வாங்கினதுதானே.”

ஒழுங்கைக்குள் அந்தக் கதை வேறு மாதிரிப் பரவியது. பெண்கள் கூடியிருக்க மருமகன் உள்ளே நுழைந்தானாம், மாமியைப் பார்த்துக் கத்தினானாம். பரப்பியது நானல்ல. எனக்குக் கதைக்க வாய் வரவே நாலைந்து நாள் எடுத்தது. இன்றைக்கும் ஜன்னல் கம்பியைத் தொடுவதென்றால் முதலில் காலைத் துடைத்துக்கொள்கிறேன்.

பிறகு, றுஸ்தாவின் தங்கை அப்ராவுக்கு மருதமுனையில் வளவு வாங்கி வீடு கட்டி, கைத்தறிச் சாரத் துணி விற்கிற றிம்சானை மாப்பிள்ளை எடுத்தார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனபோது ஸைனம்பு ராத்தா திரைக்குப் பின்னால் நிற்கவில்லையாம். முன்னால் வந்து உட்கார்ந்து, “மருமகன், கரண்டு வேல ஏதும் தெரியுமா?” என்று கேட்டாராம். “தெரியா மாமி” என்றதும் சம்மதம் சொல்லிவிட்டார். அவரும் இளைய மகளோடு மருதமுனைக்கே போய்விட்டார். திருத்திய பெட்டியும் கூடப் போயிற்று, இன்னும் கொஞ்சம் முனகுகிறதாம். மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது றிஸ்கானும் றுஸ்தாவும் மட்டும்தான். சண்டை போட்டாலும் பின்வளவில் போய்ப் போடுகிறார்கள். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.