பெரட்டில் வந்த தாள்

காலை ஆறே முக்காலுக்குக் கையுறைத் தொழிற்சாலையின் வாசலில் பெரட்டு. ஆள் கணக்கெடுக்கும் வரிசையைத் தோட்டத்துச் சனம் இன்னும் அப்படித்தான் சொல்கிறது. தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனையாகி, செம்பனையிலிருந்து வீட்டுமனையாகிவிட்டது. சனம் முப்பது கிலோமீட்டர் தாண்டி ஈப்போவுக்கு வேலைக்கு வருகிறது.

நான்கு மாதத்துக்கு முன்புவரை கம்பெனி பஸ் ஓடியது. அது நின்றபின் விமலா, சரளாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். போன வியாழக்கிழமை மழையில் ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. விமலாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சரளாவுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. இன்று விமலாவை ஏற்றிவந்தவர் கூட வேலை செய்யும் சன்னாசி.

சுரேன் வரிசை நெடுகத் தாள் கொடுத்துக்கொண்டு வந்தான். ஆபீசில் வேலை. அதே தோட்டத்துப் பிள்ளை.

"அக்கா, கீழ ஒரு சைன்."

"என்ன தாளு?"

"சும்மா லா. கம்பெனி புகையக் குறைச்சிருக்கு, ரிப்போர்ட்டு மேல போகணும். நாடே எண்ணெய்யக் குறைக்கச் சொல்லுது."

"எப்படிக் குறைச்சீங்க?"

"பஸ்ஸ நிறுத்துனோம்ல? அந்த டீசல் பூரா மிச்சம்."

விமலா வேலிக்கு வெளியே பார்த்தாள். வரிசை வரிசையாக முப்பத்தெட்டு மோட்டார்.

"அதெல்லாம் தண்ணியிலயா ஓடுது?"

சிரிப்பு எழுந்தது. "என்னுது ஒண்ணே ஒரு பஸ்ஸு புகை விடும் லா," என்றார் சன்னாசி.

"அது உங்க மோட்டார், அண்ணே. கம்பெனி கணக்குல வராது."

"சரளா காலு? அது யார் கணக்குல வரும்?" என்றாள் விமலா.

சுரேன் முகம் கறுத்தது. போனை எடுத்துத் தடவி அவள் முன்னால் நீட்டினான்.

"சும்மா என் மேல பாயாதீங்க. பஸ் வேணாம்னு எழுதிக் குடுத்ததே நீங்கதான்."

பழைய தாளின் படம். மலாயில் நாலு வரி. போக்குவரத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். கீழே நாற்பத்தொரு கையெழுத்து. பதினேழாவது அவளுடையது.

பஸ் நிற்பதற்கு முந்தைய அந்தக் காலை அவளுக்கு நினைவுக்கு வந்தது. பெரட்டில் தாள் வந்தது, கையெழுத்துப் போட்டாள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நீட்டிய தாளில் அவள் அம்மா கைநாட்டு வைத்தாள். விமலா கையெழுத்து வைத்தாள். யாரும் வாசித்ததில்லை. வாசித்துக்கொண்டு நின்றால் வேலைக்குப் பிந்தும், அரைநாள் கூலி போகும். பெரட்டில் வரும் தாள் ஆள் வந்ததற்கான தாள், அவ்வளவுதான். தோட்டம் போய் இருபது வருஷம். பழக்கம் போகவில்லை. சுரேனின் அப்பாவும் அந்த வரிசையில் நின்றவர். இவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் சாப்பாட்டு நேரத்தில் கொடுக்காமல் பெரட்டில் கொண்டுவந்திருக்கிறான்.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, அறையக் கை துறுதுறுத்தது. அந்தக் கையால் புதுத் தாளை விரித்தாள். விரலை வைத்து மலாயில் வாசித்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் உரக்கச் சொன்னாள்.

"தொழிலாளர்கள் நடந்தும், ஒரே வண்டியைப் பகிர்ந்தும் வருகிறார்கள். இனி பஸ் தேவையில்லை."

"எவன்டா நடந்து வாரவன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சங்கு ஊதியது. யாரும் உள்ளே போகவில்லை.

"அக்கா, உள்ள மெஷின் லைன் நிக்குது. யாரு நிறுத்துனாங்கன்னு கேப்பாங்க. பேர் குடுக்க வேண்டியிருக்கும்."

"குடு. என் பேர முதல்ல எழுது."

அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். புதுத் தாளில் அச்சடித்திருந்த வரிகளையெல்லாம் தாள் கிழியும் அளவுக்கு அடித்தாள். கீழே எழுதினாள்: மோட்டார் முப்பத்தெட்டு. ஒருத்திக்குக் கால் முறிந்தது. பஸ் வேண்டும். கையெழுத்துப் போட்டாள்.

தாளைச் சன்னாசியிடம் கொடுத்தாள். அவர் பேனாவுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"மொதல்ல வாசிங்கண்ணே."