டப்பாவின் அடியில் ஒரு பெயர்

தவ்ஃபீக் கஞ்சாவை விட்டு மூன்று மாதமாகியிருந்தது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையிலும் தேறிவிட்டான். "அங்க தூசு மாட்னாலும் தூக்கி உள்ள வெச்சுடுவான் மாமு," என்று வெல்டிங் பட்டறைத் தோஸ்து மிரட்டியதில் பழைய பேன்ட்டையெல்லாம் கொளுத்தினான், புதுப் பை வாங்கினான். கஞ்சா வைத்திருந்த திருகுமூடி டப்பாவை மட்டும் எறியவில்லை. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வரை எவனாவது எறிவானா? கழுவி அடுப்படியில் வைத்துவிட்டான்.

திருவொற்றியூர் வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "வயிறு வலிச்சா மெல்லு நைனா, பையில ஓமம் வெச்சுக்கீறேன்." எதில் வைத்தாள் என்று அந்த முட்டாள் கேட்கவில்லை.

வளைகுடா விமான நிலையத்தில் மோப்ப நாய் அவன் பையருகே வந்து உட்கார்ந்துவிட்டது. அதிகாரி டப்பாவிலிருந்த ஓமத்தைக் கொட்டிவிட்டு மூடியின் திருகு மரைக்குள் ஊசியால் சுரண்டினார். கறுப்பாக, அரிசி முனையளவு வந்தது. அந்த ஊர்ச் சட்டத்துக்கு அது போதும்.

மொழிபெயர்க்க வந்த தமிழர் டப்பாவைக் கவிழ்த்தார். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் அடியில் இருந்தது.

"மரியம்னு போட்டிருக்கு. யாருப்பா அது? பையைக் கட்டுனது அவங்களா?"

அம்மாவை அடுத்த வருடம் மக்காவுக்கு உம்ரா யாத்திரை அழைத்துப் போகத்தான் அவன் இந்த வேலைக்கே வந்தான்.

"நான்தான் கட்டுனேன். டப்பா என்னுது சார். அந்தப் பேரு யாருதுன்னு தெரியாது."

அவர் அவனுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தாயின் பெயரை அங்கே அச்சடித்திருந்தார்கள்.